ஈரக்காற்றில் கரி பற்ற: வீட்டிலேயே செய்யும் தீமூட்டி

கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் பிறந்தநாளுக்குச் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பார்பிக்யூ குழி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறீர்கள். போன தடவை கரி பற்றவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. கடையில் வாங்கிய வெள்ளைக் கட்டிகளைப் போட்டதில் கோழிச்சிறகில் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிட்டது. இந்த முறை முட்டை அட்டை, பழைய மெழுகுவத்தி, பஞ்சு, கற்பூரம் என்று வீட்டில் கிடப்பதை வைத்தே தீமூட்டி செய்துகொள்ளலாமா, அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்வதும் வைத்திருப்பதும் ஆபத்தில்லையா, எம்.ஆர்.டி. ரயிலில் எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எது எரியும் என்று பார்த்தால் வீட்டில் உள்ள பாதிப் பொருள் எரியும். உங்களுக்கு வேண்டியது வேறு. நம் ஊர் ஈரக்காற்றில், கரி தானாகக் கனலத் தொடங்கும்வரை அணையாமல் நிற்கிற ஒரு சிறு நெருப்பு வேண்டும். அதை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

உயர்நிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இணைப்பாட நடவடிக்கையில் சாரணர் பிரிவும் பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அதனால் மெழுகும் பஞ்சும் எப்படி எரிகின்றன என்பதைப் பாடமாகவும் தெரியும், மழை விட்ட மாலையில் பிள்ளைகளோடு குழியைச் சுற்றி நின்ற பழக்கத்திலும் தெரியும். நான் சொல்வது கரி மூட்டிச் சமைப்பதற்குத்தான். பனிமலையில் முகாம் போடுகிறவர்களின் தேவை வேறு.

கரி பற்றுவதற்கு அதன் மேற்பரப்பில் ஓரிடமாவது ஏறத்தாழ 350 டிகிரி செல்சியசைத் தாண்டவேண்டும். தாண்டிவிட்டால் அந்த இடம் தானே வெப்பம் விட்டுப் பக்கத்துத் துண்டையும் சூடாக்கும். செய்தித்தாளைக் கசக்கிக் கொளுத்தினால் சுடர் ஆளுயரத்துக்கு எழும், ஒரு நிமிடத்தில் சாம்பலாகிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் கரியின் தோல் சூடாகிறது, உள்ளே சூடு போகுமுன் தாள் தீர்ந்துவிடுகிறது. சுடரின் உயரம் இங்கே உதவாது, அது நிற்கிற நேரம்தான் உதவும். பத்து நிமிடம் நிற்கிற உள்ளங்கை அகலச் சுடர் ஒன்று போதும். அகல்விளக்கை நினைத்துப் பாருங்கள். திரி மட்டும் இருந்தால் நொடியில் கருகும், எண்ணெய் மட்டும் இருந்தால் தீக்குச்சியை வைத்தாலும் பற்றாது. திரி எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி ஆவியாக்கிக் கொடுக்க, அந்த ஆவிதான் எரிகிறது. வீட்டில் செய்கிற எல்லாத் தீமூட்டியும் இதே அமைப்புதான். நாராக ஒரு பொருள், மெதுவாக உருகும் கொழுப்போ மெழுகோ ஒன்று. இந்த இரண்டுக்கு மேல் எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

அடுத்தது ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், வெயில் காயும் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். இந்தக் காற்றில் கிடக்கும் மரத்துண்டு தன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரை வைத்துக்கொண்டிருக்கும், மழையில் நனையாவிட்டாலும்கூட. வாயைத் திறந்து வைத்த கரி மூட்டையும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். நீங்கள் மூட்டும் நெருப்பின் முதல் சில நிமிடங்கள் இதற்கே செலவாகின்றன. போன தடவை ஒரு மணி நேரம் ஆனதற்கு, பாதி மீந்துபோய்ச் சமையலறைப் பின்கட்டில் பல வாரம் திறந்தே இருந்த கரிதான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய கரியாக இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாள் மதிய வெயிலில் தட்டில் பரப்பிக் காயவையுங்கள், பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி செய்முறை. நான் முதலில் சொல்வது முட்டை அட்டையும் மெழுகும். ஈரச்சந்தையில் முட்டைக்காரர் முப்பது முட்டை அடுக்கி வைத்திருக்கும் சாம்பல் நிறக் காகிதக்கூழ்த் தட்டு, அதுதான் வேண்டும். பேரங்காடியில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியும் வெள்ளை நுரைப் பெட்டியும் கூடவே கூடாது. அவை உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும். அட்டையில் பத்துக் குழிகளை வெட்டி எடுங்கள். உள்ளே நிரப்ப, அச்சடிக்காத பழுப்பு அட்டைப்பெட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து, நெளிவு தெரிய உரித்துப் போடலாம். காய்ந்த தேங்காய் நார் இருந்தால் இன்னும் நல்லது. மரத்தூள் கிடைத்தால் அதையும் போடலாம், ஆனால் அது ஒட்டுப்பலகையிலிருந்தோ சாயம் பூசிய மரத்திலிருந்தோ வந்ததாக இருக்கக்கூடாது. எதைப் போட்டாலும் தளர்வாகப் போடுங்கள். விரலால் அழுத்தித் திணித்தால் உள்ளே காற்றுப் போகாது, மேலே மட்டும் எரிந்து நடுவில் கருகி நின்றுவிடும்.

மெழுகுக்கு, எரிந்து மீந்த வெள்ளை மெழுகுவத்திகள் போதும். ஒரு குழிக்கு 15 முதல் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்துக் குழிக்கு ஒரு டஜனுக்குச் சற்று அதிகமான சிறு தட்டை மெழுகுவத்திகள் பிடிக்கும். வாசனை மெழுகுவத்தியைச் சேர்க்காதீர்கள், அதில் உள்ள நறுமண எண்ணெய் கோழியில் ஏறும். கோயில்களில் எரிக்கும் சிவப்பு மெழுகுவத்திகளில் சாயம் இருப்பதால் சமையலுக்கு அவற்றையும் நான் எடுப்பதில்லை.

உருக்குவதுதான் இந்த வேலையில் கவனம் கேட்கும் இடம். மெழுகை ஒருபோதும் நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, அதற்குள் கழுவி உலர்த்திய ஒரு டின்னை நிறுத்தி, டின்னுக்குள் மெழுகைப் போட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். மெழுகு 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். அதன் ஆவி தீப்பற்றும் நிலையை எட்ட 200 டிகிரி வாக்கில் சூடேறவேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை டின் 100 டிகிரியைத் தாண்ட முடியாது. அந்த இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பாத்திரத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே அடுப்பை விட்டு நகரக்கூடாது, தொலைபேசி வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். வீட்டுத் தீச்சம்பவங்களில் கவனிக்காமல் விட்ட அடுப்பு முக்கியக் காரணம் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. டின்னை மூடும் அளவுக்குத் தட்டையான மூடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தப்பித்தவறி மெழுகு பற்றிக்கொண்டால் எரிவாயுவை அடைத்து, மூடியைப் போட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் மெழுகுக்கு அடியில் போன நீர் ஒரு நொடியில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, எரியும் மெழுகை முகத்தில் வாரி அடிக்கும்.

உருகிய மெழுகைக் குழிகளில் ஊற்றுமுன் அடியில் பழைய அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். நிரப்பிய நார் நனைந்து, மேலே ஓரிரு நுனி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். குழி நிறைய ஊற்றினால் நார் மூழ்கிவிடும், தீக்குச்சி பற்றாது, பற்றினாலும் மெழுகு உருகிக் கரிக்கு அடியில் வழிந்து வீணாகும். குழியின் ஒரு மூலை மெழுகு படாமல் இருக்கட்டும், கொளுத்துவது அங்கேதான். ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். கத்தரித்துத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். மீந்த மெழுகைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த டின்னை மெழுகுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அடுப்புப் பக்கமே போகவேண்டாம் என்று நினைத்தால் பஞ்சும் வாசலினும் இருக்கின்றன. பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதுதான் ஏற்றது. ஆனால் பஞ்சு உண்மையில் பருத்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பனைப் பொருள் விற்கும் இடத்தில் பஞ்சு உருண்டை என்ற பெயரில் பாலியஸ்டரும் இருக்கிறது. இழை ஒன்றை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தால் தெரிந்துவிடும். பருத்தி தாள் கருகும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலை விடும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கடினமான கறுப்பு முத்தாக நுனியில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருண்டையில் வாசலினை வெளிப்புறமாகத் தேய்த்து, நடுப்பகுதியை உலர்வாக விட்டுவிடுங்கள். கொளுத்தும்போது இரு கையாலும் மெல்லப் பிய்த்தால் உள்ளே உள்ள உலர்ந்த இழைகள் வெளியே வரும், ஒரு பொறியே போதும். இது நான்கைந்து நிமிடம் நிற்கும். கரிக்கு அது சற்றுக் குறைவுதான், எனவே இரண்டு மூன்றைச் சேர்த்து வைக்கவேண்டும். வாசலின் 40 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பையோடு விட்டால் டப்பாவெல்லாம் எண்ணெயாகிவிடும்.

இன்னும் எளிய வழி, சமையலறைத் தாளும் எண்ணெயும். தாளை இறுக்கமில்லாமல் முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சை மட்டும் பொரித்து மீந்த எண்ணெயில் நனைத்தெடுத்தால் திரி தயார். தீபாவளிக்கு வாங்கி மீந்த விளக்கெண்ணெயும் ஆகும். குழியருகே உட்கார்ந்து அப்போதைக்கப்போது செய்துகொள்ளலாம். முதலில் கொஞ்சம் புகையும், பிறகு சீராக எரியும். ஆனால் இதை முன்கூட்டியே செய்து குவித்து வைக்கவேண்டாம். சில தாவர எண்ணெய்கள் மெல்லிய படலமாகத் தாளிலோ துணியிலோ பரவியிருக்கும்போது காற்றோடு வினைபுரிந்து வெப்பம் விடும். குவியலின் நடுவே அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்தால் தானாகவே தீப்பற்றலாம். ஆளிவிதை எண்ணெய்க்கு இது நன்கு தெரிந்த ஆபத்து. சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்குக் குறைவு, தேங்காய் எண்ணெய்க்கு மிகக் குறைவு. எந்த எண்ணெய் என்று ஆராய்வதைவிட அன்றன்றைக்குச் செய்வது சுலபம்.

தேங்காயைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் அதுதான் என்பது என் கருத்து. ஊரில் அடுப்பு மூட்டிய பாட்டிமார் பன்னாடையில் தீ வைத்து, பாளைக்கு ஏற்றி, பிறகு சிரட்டையைப் போட்டுத்தான் விறகுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் பெரிய அறிவு இருக்கிறது. லேசாகப் பற்றுவதிலிருந்து கனமாக எரிவது வரை ஒவ்வொரு படியாக நெருப்பை ஏற்றியிருக்கிறார்கள். பூங்காவில் நிற்கும் மரத்திலிருந்து எதையும் ஒடித்து எடுக்க இங்கே அனுமதியில்லை. ஆனால் தேக்கா சந்தை போன்ற இடங்களில் தேங்காய் துருவிக் கொடுக்கும் கடைகளில் சிரட்டை கேட்டால் கிடைக்கும். ஒட்டியிருக்கும் பருப்பைச் சுரண்டிவிட்டு, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தியலால் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். தீமூட்டிக்கும் கரிக்கும் நடுவில் இந்தச் சில்லுகளை ஒரு கைப்பிடி போட்டால் நெருப்பு அணையாமல் கரிக்கு ஏறிவிடும். சரியாகக் காயாத சிரட்டை பூஞ்சை பிடிக்கும், புகையும்.

கற்பூரம் கேட்டிருந்தீர்கள். எரியும், ஈரத்திலும் சட்டென்று எரியும். இருந்தும் சமையல் நெருப்புக்கு வேண்டாம் என்பேன். அதன் சுடர் கரும்புகைத் துகளை நிறைய விடும், கம்பி வலையில் அது படியும். திறந்து வைத்தால் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிக் கரைந்துபோவதால் தீமூட்டிக்குள் சேர்த்து வைப்பதிலும் பயனில்லை. எல்லாவற்றையும்விட, பிறந்தநாள் என்றால் சிறு பிள்ளைகள் இருப்பார்கள். வெள்ளை வில்லை மிட்டாய் மாதிரி தெரியும். கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பூசை அலமாரியிலேயே எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இதே இடத்தில் அந்துருண்டையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அந்துருண்டை நாப்தலீன். அதைத் தீயில் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது இரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. உங்கள் விருந்தாளிகளில் அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு.

வேண்டவே வேண்டாத திரவங்கள்: பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட், கைச்சுத்திகரிப்பான். பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலேயே தீப்பற்றும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து நீங்கள் நிற்கும் இடத்துக்கு வரும். கைச்சுத்திகரிப்பான் எல்லார் பையிலும் இருப்பதால் அதைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். அதில் பெரும்பகுதி ஆல்கஹால். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பீய்ச்சு பீய்ச்சும்போது சுடர் கைவரை ஏறிவிடும். கனலத் தொடங்கிய கரியின் மேல் எந்தத் திரவத்தையும் ஊற்றாதீர்கள். தணல் மந்தமாக இருந்தால் விசிறுங்கள், அல்லது இன்னொரு மெழுகுக் குழியை இடுக்கியால் உள்ளே தள்ளுங்கள். எரிக்கக்கூடாதவற்றில் பானப் பொட்டலங்களும் உண்டு. அவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலமாக இருக்கின்றன. வழவழப்பான வண்ண விளம்பரத் தாள், சாயம் பூசிய பலகை, எங்கோ கிடந்த சரக்குத் தட்டின் (பேலட்) மரம் இவையும் அப்படியே. அந்த மரத்தில் 'எம்பி' என்ற ஆங்கில எழுத்துகளின் முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சிநீக்கம் செய்தது என்று பொருள், 'எச்டி' என்றால் வெப்பத்தால் செய்தது. முத்திரையே இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

காணொளிகளில் வரும் மற்ற குறிப்புகளில் எனக்கு முழு நம்பிக்கை இல்லாதவை சில உண்டு. துணி உலர்த்தியில் சேரும் பஞ்சு எரியும் என்பது உண்மைதான். ஆனால் நம் துணிகளில் பாதி செயற்கை இழை, அதை எரித்த வாடை உணவுக்கு ஆகாது. இங்கே பலர் மூங்கில் கழியில்தான் காயப்போடுகிறோம் என்பதால் அந்தப் பஞ்சுக்கும் வழியில்லை. காய்ந்த ஆரஞ்சுத் தோலில் எளிதில் பற்றும் எண்ணெய் இருக்கிறது, நன்றாகவே எரியும். ஆனால் நம் காற்றில் அது காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடுகிறது, சூட்டடுப்பில் உலர்த்தினால்தான் உண்டு. கோப்பித் தூள் சக்கையை மெழுகில் கலந்தால் நீண்ட நேரம் எரியும் என்கிறார்கள். அட்டைத் துண்டைவிட அது மேல் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை, ஈரம் மீந்தால் கெடுதல்தான். நான் சொன்ன நிமிடக் கணக்குகளையும் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் காற்று பலமாக வீசினால் பத்து நிமிடம் ஆறாகிவிடும். உருகுநிலையும் தீப்பற்றும் நிலையும் அப்படியல்ல, அவற்றை உறுதியாக நம்பலாம்.

மூட்டும் முறை. பார்பிக்யூ குழியில் போன தடவையின் ஈரச் சாம்பல் இருந்தால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அலுமினியத் தாளை விரியுங்கள். இரண்டு மெழுகுக் குழிகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, மேலே சிரட்டைச் சில்லு, அதற்கு மேல் கரியின் சிறு துண்டுகள், கடைசியில் பெரிய துண்டுகள் என்று கூம்பாக அடுக்குங்கள். நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். காற்று வரும் பக்கம் உங்கள் முதுகு இருக்கட்டும், அந்தப் பக்கத்திலிருந்தே கொளுத்துங்கள். முதல் பத்து நிமிடம் விசிறக்கூடாது. சின்னச் சுடரை விசிறி அணைத்துவிட்டுக் கரியைத் திட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கரியின் ஓரங்கள் சாம்பல் நிறமாகிச் சிவப்பு தெரிந்த பிறகு விசிறுங்கள். பெரிய மைலோ டின் இருந்தால் அடியையும் மூடியையும் எடுத்துவிட்டு, கீழ் விளிம்பைச் சுற்றித் துளைகள் போட்டு, அதைக் குழிக்குள் நிறுத்தி உள்ளே அடுக்குங்கள். சூடான காற்று மேலே எழ, துளை வழியே புதுக் காற்று உள்ளே வரும், நேரம் பாதியாகக் குறையும். உணவு இல்லாமல் ஒருமுறை எரித்து டின்னின் பூச்சைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். துத்தநாகம் பூசிய வாளியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், சூட்டில் அதன் புகை நச்சு.

இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கரி முழுக்கச் சாம்பல் போர்த்திக்கொள்ளும். அதுவரை இறைச்சியை வைக்காமல் இருப்பதுதான் வாடைக்கு மருந்து. கடைக் கட்டியில் இருப்பதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள்தான், அது முழுதாக எரிந்து தீர்ந்த பிறகு வலையை வைத்திருந்தால் கோழியில் ஏறியிருக்காது. நீங்கள் வீட்டில் செய்யும் மெழுகுக்கும் இதே விதி.

முடிந்தபின் தணலில் தண்ணீரைத் தெளித்து, கிளறி, மறுபடி தெளியுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் பையில் போட்டுக் குப்பைத்தொட்டியில் எறிந்தால் தொட்டி எரியும். மீந்த கரியைச் சூடாக வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைக் குழாயில் போடுவது இன்னும் மோசம். யாருக்காவது தீக்காயம் பட்டால் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், வெண்ணெய் எதுவும் தடவவேண்டாம். பெரிதாக இருந்தால் 995-ஐ அழைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மழை வந்துவிட்டால் மிச்சத்தை வீட்டில் சுடலாம் என்று கரியடுப்பை உள்ளே எடுத்துவராதீர்கள், சன்னலைத் திறந்து வைத்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

வீட்டில் வைப்பதைப் பொறுத்தவரை, பத்துப் பன்னிரண்டு மெழுகுக் குழிகள் ஒரு பெட்டி மெழுகுவத்திக்கு மேல் ஆபத்தானவை அல்ல. இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில், அடுப்பிலிருந்தும் வெயில் படும் சன்னலிலிருந்தும் தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கரி மூட்டையையோ டின்னையோ வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் வைக்காதீர்கள். அது மாடியில் உள்ள எல்லாரும் தப்பிப்பதற்கான வழி, எரியக்கூடிய எதையும் அங்கே சேர்த்துவைக்க அனுமதியில்லை.

எம்.ஆர்.டி. நிலையத்தில் 5,000 வெள்ளி அபராதம் என்று எழுதியிருப்பது எரியும் திரவத்துக்கும் வாயுவுக்கும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட், எரிவாயுக் குப்பி எதையும் ஏற்றக்கூடாது. மெழுகும் அட்டையும் திடப்பொருள், மூடிய டின்னில் கொண்டுபோகலாம் என்றே நினைக்கிறேன். நிலைய ஊழியர் கேட்டால் திறந்து காட்டுங்கள். விமானத்தில் மட்டும், கைப்பையிலும் சரி, ஏற்றி அனுப்பும் பெட்டியிலும் சரி, எந்தத் தீமூட்டியும் கூடாது. நீங்கள் பதிவு செய்திருக்கும் ஒரு பார்பிக்யூ குழிக்கு மெழுகுத் தீமூட்டி நான்கு போதும். இரண்டைக் கொளுத்துங்கள், இரண்டைக் காற்று மாறினால் போட வைத்துக்கொள்ளுங்கள்.